ஓட்டுச் சூளையும் ஒரு நாடாவும்

பாரிஸ்: ஒரு நகரத்தின் கதை – 11

சென்ற இதழில் லூவ்ர் கோட்டையை அரண்மனையாக மாற்றிய அரசர்களைப் பார்த்தோம். இந்த வாரம் அங்கிருந்து மேற்கே, நகர மதிலுக்கு வெளியே, கொஞ்ச தூரம் நடக்கப் போகிறோம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே வழியில் நடந்திருந்தால் முதலில் மூக்கில் ஏறியிருப்பது சூளைப் புகை. சேன் நதிக்கரையில் அந்த இடத்துக் களிமண் ஓடு சுடத் தோதானது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே கூரை ஓடு அறுத்துச் சுட்டு விற்பவர்கள் அங்கே பிழைத்துவந்தார்கள். பிரெஞ்சில் ஓட்டுக்குத் 'துய்ல்' என்று பெயர். ஓடு சுடும் இடம் 'துய்லெரி'. பின்னாளில் ராணி வந்தாள், பேரரசன் வந்தான், குடியரசு வந்தது, போனது, மறுபடி வந்தது. தெருப் பெயர்களை எல்லாம் மாற்றித் தள்ளிய அந்த ஊரில் இந்தச் சூளைப் பெயர் மட்டும் கடைசியில் நிலைத்துவிட்டது.

இன்று துய்லெரி தோட்டம் ஏறக்குறைய 25 ஹெக்டேர், அறுபது ஏக்கருக்குச் சற்றே மேல். ஒரு முனையில் லூவ்ர், மறு முனையில் கொன்கோர்து சதுக்கம், தெற்கே நதி, வடக்கே ரிவோலி வீதி. பாரிஸ் போகிறவர்கள் மோனலிசாவைப் பார்த்துவிட்டுக் கால் வலியோடு வெளியே வந்து உட்காரும் இடம் இதுதான். கட்டணம் கிடையாது, யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்தக் கதவு அப்படித் திறந்து கிடப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான தகராறு தேவைப்பட்டது. தோட்டத்தின் கதையை மரம் செடி கொடியின் கதையாகவும் சொல்லலாம். எனக்கு அந்த வாசலின் கதை போதும்: யாரை உள்ளே விட்டார்கள், யாரை நிறுத்தினார்கள், எப்போது கதவு எந்தப் பக்கம் பூட்டப்பட்டது.

தொடங்கி வைத்தது ஒரு சாவு. 1559 ஜூன் 30 அன்று அரசன் இரண்டாம் ஆன்றி, கல்யாணக் கொண்டாட்டம் ஒன்றில் குதிரை மேலிருந்து ஈட்டி மோதும் பந்தயத்தில் இறங்கினான். எதிராளியின் ஈட்டி உடைந்து, அதன் சிம்பு கண்வழியே பாய்ந்தது. பத்து நாள் கிடந்து இறந்தான். அவன் மனைவி கத்ரீன் தெ மெதிசி இத்தாலிக்காரி, ஃபுளோரன்ஸில் பெரிய வங்கிக் குடும்பத்துப் பெண். கணவன் செத்த வீட்டில் இருக்க அவளுக்கு மனமில்லை. அந்த மாளிகையைப் பிறகு இடித்தே போட்டார்கள். மகன்கள் சிறுவர்கள், அதிகாரம் அவள் கையில். 1564இல் மதிலுக்கு வெளியே இந்தச் சூளைக் காட்டில் தனக்கென்று ஒரு அரண்மனை எழுப்பத் தொடங்கினாள். கட்டடக்கலைஞர் பிலிபேர் தெலோர்ம். அரண்மனைக்கு மேற்கே தோட்டம். பிறந்த ஊர் ஞாபகத்தில் அதை இத்தாலிய முறைப்படி போடச் சொன்னாள். சதுரம் சதுரமாகப் பாத்திகள், நேர்நேரான நடைபாதைகள், நீரூற்று, சுற்றிச் சுற்றி வழி தவறவைக்கும் செடிவேலிப் புதிர்.

அதில் ஒரு செயற்கைக் குகையும் வேண்டுமென்று ஆசைப்பட்டாள். அந்த வேலைக்கு வந்தவர் பெர்னார் பலிஸி. பளபளக்கும் வண்ணப் பூச்சின் ரகசியத்தைத் தேடி வருஷக்கணக்கில் சூளையோடு போராடி, விறகு தீர்ந்துபோனபோது வீட்டு மேசை நாற்காலிகளையும் தரைப் பலகைகளையும் பெயர்த்து நெருப்பில் போட்டதாகத் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த குயவர். பாம்பு, தவளை, நத்தை, மீன் எல்லாம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தட்டுகள் செய்வார். குகைக்காக அவர் போட்ட சூளையும் உடைந்த அச்சுகளும் பிற்கால அகழாய்வுகளில் அங்கேயே மண்ணுக்கடியில் கிடைத்தன. ஓடு சுட்டவர்களைக் காலி செய்த இடத்தில் ராணியே ஒரு சூளை வைத்தது எனக்குப் பிடித்த வேடிக்கை. பலிஸி புராட்டஸ்டன்ட். ராணியின் தயவு இருந்தவரை பிழைத்தார். கடைசியில் மதத்துக்காகவே பஸ்தில் சிறையில் இறந்தார்.

கத்ரீனின் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் உண்டு. விருந்தாளி என்றால் உள்ளே. 1573இல் அவளுடைய மகனைத் தங்கள் நாட்டுக்கு அரசனாக அழைத்துப்போக வந்த போலந்துத் தூதர்களுக்கு இங்கேதான் பெரிய விருந்தும் நடனமும் நடந்தன. ஆனால் அரண்மனையை அவள் முடிக்கவேயில்லை. 'சேன் ழெர்மேன் பக்கம் உனக்குச் சாவு' என்று சோதிடர் சொன்னாராம். துய்லெரியோ சேன் ழெர்மேன் பங்குக் கோயிலின் எல்லைக்குள் வருகிறது. பயந்துபோய் வேறு வீடு கட்டிக்கொண்டாள் என்பது கதை. நாடு உள்நாட்டுப் போரில் பற்றி எரிந்த காலம், கஜானா காலி, அரண்மனையோ மதிலுக்கு வெளியே பாதுகாப்பில்லாமல் நிற்கிறது. வேலையை நிறுத்த இந்தக் காரணங்கள் போதாதா? சோதிடர் பாவம்.

நாலாம் ஆன்றி வந்து பட்டுப்பூச்சிக்காக முசுக்கட்டை மரங்கள் வைத்ததையும், லூவ்ரையும் துய்லெரியையும் நதியோரமாக ஒரு நீண்ட மாடத்தால் இணைத்ததையும் சொல்லிவிட்டு நேரே 1664க்குத் தாவிவிடலாம்.

அந்த வருஷம் பதினாலாம் லூயியின் வலக்கையான கோல்பேர் இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஆரம்பித்தார். பத்து வருஷத்துக்குள் அதன் ஆட்கள் புதுச்சேரியில் காலூன்றிய கதை நமக்குத் தெரிந்ததுதான். இரண்டாவது, துய்லெரி தோட்டத்தைப் புதிதாகப் போடும் பொறுப்பை ஆந்த்ரே லெ நோத்ர் என்பவரிடம் கொடுத்தார். வெர்சாய் தோட்டத்தால் உலகப் புகழ் பெற்ற அதே லெ நோத்ர். ஆனால் அவர் வேர் இங்கே இருந்தது. தாத்தா கத்ரீன் காலத்திலேயே துய்லெரியில் தோட்டக்காரர், அப்பாவும் அப்படியே. 1613இல் தோட்டத்தை ஒட்டிய தோட்டக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த பையன், 1700இல் அந்தத் தோட்டத்து வீட்டிலேயே கண்ணை மூடினார். அரசன் அவருக்குக் குலச்சின்னம் கொடுக்க முன்வந்தபோது, தன் சின்னம் மூன்று நத்தையும் ஒரு முட்டைக்கோஸும்தான் என்று சிரித்தாராம்.

அவர் செய்த வேலையில் பூவைவிடக் கணக்கு அதிகம். அரண்மனைக்கும் தோட்டத்துக்கும் குறுக்கே ஓடிய சுவரையும் சந்தையும் எடுத்தார். நடுவில் ஒரு அகன்ற பாதை போட்டார். அரண்மனைப் பக்கம் வட்டக் குளம், தூரத்தில் எண்கோணக் குளம். எண்கோணக் குளம் வட்டக் குளத்தைவிட நன்றாகப் பெரியது. ஆனால் அரண்மனை மாடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தூரம் அதைச் சுருக்கிவிட்டது, இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தன. நீளவாட்டில் இரு பக்கமும் உயரமான மேடைகள் எழுப்பினார். நதிப் பக்கம் ஒன்று, ஃபெயான் துறவிகளின் மடம் இருந்த வடபக்கம் இன்னொன்று. வடபக்க மேடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். மேற்கு முனையில் இரண்டு மேடைகளும் குதிரை லாடம்போல வளைந்து சந்திக்கும் இடத்தில் நடுவே திறப்பு விட்டார். நடுப்பாதை அந்தத் திறப்பு வழியாக வெளியேறி, வயலும் காடுமாக இருந்த மேட்டை நோக்கி நேராக ஓடியது. இன்றைக்கு அந்த மேட்டின் உச்சியில் வெற்றி வளைவு நிற்கிறது. அதுவரை போகும் கோடுதான் ஷான்ஸெலிஸே. அரசனின் கண் எதிலும் முட்டக்கூடாது என்று போட்ட கோடு, பாரிஸ் மேற்கே வளர வேண்டிய திசையையும் சொல்லிவிட்டது.

1667 வாக்கில் வேலை பெரும்பாலும் முடிந்தது. இனி யார் வரலாம் என்ற கேள்வி எழுந்தது.

இதற்கு முன்பே நல்ல நிலையில் இருந்த நகரவாசிகள் தோட்டத்துக்குள் உலாவ வந்து பழகியிருந்தார்கள். இவ்வளவு செலவு செய்து போட்டதை மிதித்துப் பாழாக்கிவிடுவார்கள் என்பது கோல்பேரின் கவலை. அரசனுக்கென்று மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட முடிவு செய்தார். அதற்காகவே ஒருநாள் கிளம்பினார். கூடவே போனவர் அரசுக் கட்டட வேலைகளில் அவருக்கு உதவியாளராக இருந்த சார்ல் பெரோ. இந்தப் பெயரைத் தெரியாதவர்களுக்கும் அவர் எழுதியது தெரியும். முப்பது வருஷம் கழித்து, 1697இல், சிண்டரெல்லாவையும் சிவப்புக் குல்லாச் சிறுமியையும் பூட்ஸ் போட்ட பூனையையும் புத்தகமாக்கியவர் அவர்தான்.

நடுப்பாதையில் நடந்துகொண்டே பெரோ பேச்சுக் கொடுத்தார். இந்தத் தோட்டத்துக்கு ஜனங்கள் காட்டும் மரியாதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், பெண்களும் குழந்தைகளும்கூட ஒரு பூவைப் பறிப்பதில்லை, தொடுவதுகூட இல்லை, வேண்டுமானால் தோட்டக்காரர்களைக் கேளுங்கள் என்றார். கோல்பேர் மசியவில்லை. வேலைவெட்டி இல்லாத சோம்பேறிகள்தானே இங்கே வருகிறார்கள் என்று கேட்டார். பெரோ விடவில்லை. நோயிலிருந்து எழுந்தவர்கள் நல்ல காற்றுக்கு வருகிறார்கள், வியாபாரம் பேசுகிறவர்கள் வருகிறார்கள், கல்யாணம் பேசி முடிக்க வருகிறார்கள். கதவைச் சாத்தினால் இதையெல்லாம் இனிக் கோயிலுக்குள் போய்த்தான் பேச வேண்டியிருக்கும், அது நன்றாகவா இருக்கும் என்றார். அரசர்களின் தோட்டம் இவ்வளவு பெரிதாக இருப்பதே அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் உலாவட்டும் என்பதற்காகத்தான் என்று ஒரு போடு போட்டார். கோல்பேர் சிரித்துவிட்டார். அங்கே வேலையாக இருந்த தோட்டக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். கோல்பேர் ஒரு சுற்றுச் சுற்றினார், ஏதோ சில உத்தரவுகள் போட்டார், கதவைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் திரும்பிவிட்டார்.

இந்தச் சம்பவத்துக்கு நமக்கு இருக்கும் ஒரே சாட்சி பெரோ தான். வயதான பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில் அவரே சொல்வது. அது அச்சில் வந்தது 1759இல், அவர் செத்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு. தன் கதையில் தானே நாயகன் என்றால் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். இருந்தாலும் எனக்கு இது நம்பும்படியாகவே இருக்கிறது, காரணம் அந்தத் தோட்டக்காரர்கள். சும்மா புகழ் தேடும் கதையில் மந்திரியை மனம் மாற்றிய பெருமை முழுவதும் பேச்சாளனுக்கே போயிருக்கும். பெரோ ஒரு பங்கை மண்வெட்டிக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். எப்படியோ, கதவு சாத்தப்படவில்லை. பிரான்ஸின் அரசுத் தோட்டங்களில் பொதுமக்களுக்கு முதலில் திறந்தவற்றில் இது ஒன்று.

ஆனால் 'பொதுமக்கள்' என்ற சொல்லை நிறுத்திப் படிக்க வேண்டும். வாசலில் சுவிஸ் காவலர்கள் நின்றார்கள். படைவீரன் உள்ளே வரக்கூடாது. சீருடை போட்ட வேலைக்காரன் வரக்கூடாது. எஜமானியோடு வந்த ஆள் கதவுக்கு வெளியேதான் காத்திருக்க வேண்டும். கந்தல் கட்டியவன் பேச்சே இல்லை. மற்றபடி நல்ல உடுப்பு இருந்தால் உள்ளே போகலாம், பிரபுவா கடைக்காரனா என்று யாரும் கேட்பதில்லை. காவலன் பார்த்தது பிறப்பையா துணியையா என்றால் துணியை. அந்தக் காலத்துக்கு இதுவே பெரிய விஷயம். வாடகைக்கு நல்ல சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாலும் ஒரு பிற்பகலுக்கு நீங்கள் 'பொதுமக்கள்'! ஆண்டுக்கு ஒருநாள், புனித லூயியின் திருநாளான ஆகஸ்ட் 25 அன்று மட்டும், எந்தக் கோலத்தில் வந்தாலும் விட்டார்கள்.

1682இல் அரசன் வெர்சாய்க்குக் குடிபோன பிறகு துய்லெரியில் அரண்மனை வெறிச்சோடியது, தோட்டம் களைகட்டியது. 1716இல் மேற்கு முனை அகழிமேல் சுழலும் பாலம் ஒன்று போட்டார்கள். ராத்திரியில் அதைத் திருப்பிவிட்டால் வழி அடைபட்டுவிடும். 1719இல் அதன் இரு பக்கமும் கொய்ஸெவோ செதுக்கிய சிறகு முளைத்த குதிரைகள் வந்து நின்றன. சில காசு கொடுத்தால் உட்கார நாற்காலி கிடைத்தது. வெயிலுக்கு மர நிழல், சாயங்காலத்துக்குப் பேச்சு, கண்ணுக்குப் புது மோஸ்தர் உடைகள்.

பேச்சோடு கூட்டம் போய்விடாதே. பாரிஸைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதி எழுதிய மெர்சியே என்ற எழுத்தாளர், மற்றவர்கள் எழுதக் கூசும் ஒன்றையும் பதிவு செய்திருக்கிறார். மேடையோரம் வரிசையாக வளர்ந்திருந்த அடர்ந்த ஊசியிலைச் செடிகளின் மறைவு பாரிஸ்காரர்களுக்குக் கழிப்பறையாகப் பயன்பட்டது. நாற்றத்தில் அந்தப் பக்கம் கால்வைக்க முடியாது. அரசுக் கட்டடங்களின் தலைவரான தாங்ஷிவியே செடிகளை வேரோடு பிடுங்கச் சொல்லிவிட்டு, தலைக்கு 2 சூ கட்டணத்தில் கழிப்பிடங்கள் வைத்தார். அந்த 2 சூவையும் மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் பக்கத்து பலே ருவயால் தோட்டத்துக்கு ஓடினார்கள் என்கிறார் மெர்சியே. பூவைத் தொடமாட்டார்கள் என்று பெரோ சாதித்தது உண்மையாகவே இருக்கட்டும். இதைப் பற்றி அவரிடம் கோல்பேர் கேட்கவில்லை.

1783 டிசம்பர் 1 அன்று மட்டும் இந்த உடை, வேலி எல்லாவற்றையும் ஒரு பலூன் கொஞ்ச நேரத்துக்கு மறக்கடித்தது. பத்து நாளைக்கு முன்புதான் மோங்கோல்ஃபியே சகோதரர்களின் சூடான காற்றுப் பலூனில் மனிதன் முதல்முறையாக மிதந்திருந்தான். இப்போது விஞ்ஞானி ழாக் ஷார்ல் ஹைட்ரஜனை நிரப்பிக் கிளம்பப்போகிறார். இரும்பின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றினால் வரும் வாயு அது. அதைக் கசியாமல் அடைக்கப் பட்டுத்துணியில் ரப்பர் கரைசலைப் பூசினார்கள். பணம் கட்டியவர்களுக்குத் தோட்டத்துக்குள் அரண்மனை முன்னால் இடம். மற்றவர்கள் கரையில், பாலங்களில், கூரைகளில். நாலு லட்சம் பேர் என்று அந்தக் காலத்துக் கணக்கு. ஊரின் மக்கள்தொகையே ஆறு லட்சம் சொச்சம்தான், கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். கூட்டத்தில் அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளினும் இருந்தார். போட்டிக்காரர் என்று பாராமல் ஷார்ல் ஒரு சின்னப் பச்சைப் பலூனை மோங்கோல்ஃபியே சகோதரர்களில் ஒருவரின் கையில் கொடுத்து முதலில் அதைப் பறக்கவிடச் சொன்னார். பிறகு அவரும் நிக்கொலா லூயி ரொபேரும் ஏறினார்கள். இரண்டு மணி நேரத்தில் 36 கிலோமீட்டர் தள்ளி நேல் என்ற ஊர் வயலில் இறங்கினார்கள். ரொபேர் இறங்கியதும் பாரம் குறைய, ஷார்ல் தனியாக ஒருமுறை விர்ரென்று மேலே போனார். கீழே ஏற்கனவே மறைந்துவிட்ட சூரியனை மேலே போய் மறுபடி பார்த்தார். காதுவலி பொறுக்காமல் இறங்கியவர், பிறகு வாழ்நாளில் பறக்கவேயில்லை.

2024 ஒலிம்பிக்கின்போது அதே தோட்டத்து வட்டக் குளத்திலிருந்து ராத்திரிதோறும் ஒரு பலூன் சுடர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பியதே, அது இந்த ஷார்லையும் மோங்கோல்ஃபியேக்களையும் நினைத்துத்தான்.

ஷார்ல் பறந்து ஆறு வருஷம் கழித்து இதே மக்கள் வேறு காரணத்துக்காகக் கூடினார்கள். 1789 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. ஜனங்களுக்கு நம்பிக்கையான நிதியமைச்சர் நெக்கேரை அரசன் நீக்கிவிட்டான் என்ற செய்தி மத்தியானம் பாரிஸுக்கு எட்டியது. பலே ருவயாலில் திரண்ட கூட்டம் நெக்கேரின் மெழுகு உருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகக் கிளம்பியது. மேற்குச் சதுக்கத்தில் லாம்பெஸ்க் இளவரசனின் குதிரைப்படை எதிரே வந்தது. ஜனங்கள் பின்வாங்கித் தோட்டத்துக்குள் ஓடினார்கள், ஞாயிறு மாலை உலாவ வந்த குடும்பங்களோடு கலந்துபோனார்கள். குதிரைகள் சுழல்பாலத்தைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டன. மேடைகளின் மேலிருந்து கல் பறந்தது, பாட்டில் பறந்தது, அதோடு வாடகை நாற்காலிகளும் பறந்தன. பாலத்தைத் திருப்பிப் படையை உள்ளே அடைத்துவிட யாரோ முயன்றார்கள். லாம்பெஸ்க் திரும்பும் வழியில் ஒரு கிழவரை வாளால் வெட்டினான். தோட்டத்துக்குள் கத்தி நுழைந்த செய்தி அன்றிரவே ஊர் முழுக்கப் பரவியது. இரண்டு நாளில் பஸ்தில் விழுந்தது. பஸ்திலை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நாற்காலிச் சண்டைக்கு ஒரு பத்தியாவது கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அக்டோபர் 5இல் பாரிஸ் பெண்கள் வெர்சாய் வரை நடந்துபோய், மறுநாள் அரச குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பதினாறாம் லூயி, மரி அந்துவானெத், இரண்டு பிள்ளைகள். தங்கியது துய்லெரி அரண்மனையில். அறுபது வருஷத்துக்கும் மேலாக அரசன் யாரும் குடியிருக்காத வீடு. இங்கேதான் வாசல் கதை தலைகீழாகிறது. அதுவரை ஜனங்களை அளந்து உள்ளே விட்ட கதவு, இனி அரசனை அளந்து வெளியே விட்டது.

இதை நேரில் பார்த்து எழுதியவர் ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர். பயிர்த்தொழில் பற்றி எழுதுகிறவர், பிரான்ஸ் முழுக்கச் சுற்றியவர். 1790 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு காலை தோட்டத்துக்குப் போனார். அரசன் ஆறு காவல்படையினர் சூழ உலாவிக்கொண்டிருந்தான். அவன் நடக்கும்வரை தேசிய சபைப் பிரதிநிதிகளையும் அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர்களையும் தவிர மற்றவர்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. அவன் அரண்மனைக்குள் நுழைந்ததுமே, ராணி இன்னும் தோட்டத்தில் இருக்கும்போதே, கதவுகளை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். உடுப்பு பார்க்கும் வேலை அதற்குள் போய்விட்டிருந்தது. இளவரசனுக்கென்று ஒரு துண்டு நிலத்தை வேலிகட்டிக் கொடுத்திருந்தார்கள், மழை வந்தால் ஒதுங்க ஒரு சின்ன அறையோடு. ஐந்து வயதுகூட ஆகாத பையன் குட்டி மண்வெட்டியும் வாருகோலும் வைத்துக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான், இரண்டு சிப்பாய்கள் காவலுக்கு நிற்க. அரச மரபில் அந்தத் தோட்டத்தில் தன் கையால் மண் கிளறிய பிள்ளை அவனாகத்தான் இருக்கும்.

தேசிய சபையும் அரசன் பின்னாலேயே பாரிஸுக்கு வந்து, தோட்டத்தின் வட ஓரத்தில் இருந்த குதிரைப் பயிற்சிக் கொட்டகையில் கூடியது. லெ நோத்ர் எழுப்பிய ஃபெயான் மேடையை ஒட்டினாற்போல. ஆக, ஒரே தோட்டத்தின் கிழக்கே அரசன், வடக்கே அரசனின் அதிகாரத்தைக் குறைத்துச் சட்டம் எழுதுகிறவர்கள். 1791 ஜூனில் அரச குடும்பம் மாறுவேஷத்தில் தப்பியோடி, வரேன் ஊரில் பிடிபட்டுத் திரும்பியது. 1792 ஜூன் 20 அன்று கூட்டம் அரண்மனைக்குள்ளேயே புகுந்து அரசன் தலையில் சிவப்புக் குல்லாவை மாட்டியது. அதன் பிறகு அரசன் தோட்டத்தை அடைத்துவிட்டான்.

அப்போது சபை ஒரு சாமர்த்தியம் செய்தது. ஃபெயான் மேடை சபைக் கட்டடத்தைச் சேர்ந்தது, அரசனுக்கு அதில் பாத்தியதை இல்லை, ஆகவே அது ஜனங்களுக்குத் திறந்திருக்கும் என்று தீர்மானம் போட்டது. மேடையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கச் சரிவு உண்டு, படி உண்டு. சுவர் கட்டவில்லை, வேலி போடவில்லை. மேடையின் விளிம்பு நெடுக ஒரு நாடாவைக் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். இந்தப் பக்கம் 'தேசத்தின் மண்'. அந்தப் பக்கம் 'கோப்ளென்ஸ்'. ஓடிப்போன பிரபுக்கள் படை திரட்டிக்கொண்டிருந்த ஜெர்மன் ஊரின் பெயர் அது. ஆயிரக்கணக்கானவர்கள் நாள் முழுக்க அந்த மேடையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே நிழலும் குளமுமாகத் தோட்டம் காலியாகக் கிடந்தது. ஒருவரும் நாடாவைத் தாண்டவில்லை.

விவரம் தெரியாமல் இறங்கிவிட்ட ஒரு இளைஞனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மேடையிலிருந்து கூச்சல், விளக்குக் கம்பத்தில் தொங்கவிடு என்று மிரட்டல். அவன் திரும்ப ஏறிவந்து, செருப்பைக் கழற்றி, கைக்குட்டையால் அடியில் ஒட்டியிருந்த அரசனின் மணலைத் துடைத்து உதறினான். கைதட்டி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்களாம்.

காவலனும் பூட்டும் செய்ய முடியாத வேலையை அந்த நாடா செய்தது. நூற்றிருபது வருஷம் உள்ளே வர முண்டியடித்தவர்கள், 'நீ வராதே' என்று அரசன் சொன்ன பிறகு 'நாங்களே வரமாட்டோம்' என்று எல்லையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அரசன் கதவைச் சாத்தியதைக் காட்டிலும் அவனுக்கு இதுதான் பெரிய அவமானமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாமலா இருக்கும்!

ஆகஸ்ட் 10 காலை, ஆயுதம் ஏந்திய பட்டாளங்கள் அரண்மனையைச் சூழ்ந்துகொண்டிருந்தன. சபையில் போய் அடைக்கலம் புகுவதைத் தவிர வழியில்லை என்று ரெதெரே என்ற மாவட்ட அதிகாரி அரசனை வற்புறுத்தினார். ஒன்பது மணிக்குள் குடும்பம் கிளம்பியது. அரண்மனைக் கதவிலிருந்து கொட்டகை வரை, தோட்டத்தின் ஊடே, சில நூறு அடிகள். இரு பக்கமும் காவலர் வரிசை. கோடை முடியவில்லை, ஆனால் மரங்கள் அதற்குள் உதிர்த்திருந்தன. தோட்டக்காரர்கள் சருகுகளைக் குவியல் குவியலாகக் கூட்டி வைத்திருந்தார்கள். ஏழு வயதுப் பையன் அந்தக் குவியல்களைக் காலால் எற்றி முன்னால் போகிறவர்கள் காலில் விழவைத்துக்கொண்டே நடந்தான். இந்த வருஷம் இலை சீக்கிரமே உதிர்கிறது என்று அரசன் சொன்னதாக, கூடவே நடந்த ரெதெரே எழுதிவைத்திருக்கிறார். இலையுதிர்காலம் வரை இந்த அரசன் தாங்கமாட்டான் என்று நகரசபை அதிகாரி மனுவேல் கொஞ்ச நாள் முன்பு எழுதியிருந்ததும் அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கிறது. பிறகு எல்லாரும் அந்த ஃபெயான் மேடையில் ஏறினார்கள்.

பின்னால் அரண்மனையில் ஏறக்குறைய 900 சுவிஸ் வீரர்கள் மிச்சம் இருந்தார்கள். காக்க வேண்டிய அரசன் போய்விட்டான், கலையச் சொல்லி உத்தரவு வரவில்லை. சண்டை மூண்டது. சுடுவதை நிறுத்தச் சொல்லி அரசன் கைப்படச் சீட்டு வந்து சேர்ந்தபோது காரியம் கைமீறியிருந்தது. தோட்டத்தின் குறுக்கே பின்வாங்கியவர்கள் மரங்களுக்கிடையே சுடப்பட்டு விழுந்தார்கள். மேற்கு முனை வரை ஓடிச் சேர்ந்தவர்கள் சதுக்கத்தில் வெட்டப்பட்டார்கள். மொத்தம் 600 பேர்வரை இறந்தார்கள், தாக்க வந்தவர்களிலும் நூற்றுக்கணக்கில். சுவிட்சர்லாந்து சுற்றுலா போகிற நம்மவர்கள் லூசர்னில் ஒரு பாறையில் செதுக்கிய, ஈட்டி பாய்ந்து சாகும் சிங்கத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்களே, அது 1821இல் இந்தத் துய்லெரி வீரர்களுக்காக வைத்தது.

அரசன் பிறகு அந்த வாசலைத் தாண்டித் தோட்டத்துக்குள் வரவேயில்லை. 1793 ஜனவரி 21 அன்று அவன் தலை விழுந்தது, சிறகு முளைத்த குதிரைகள் நிற்கும் மேற்கு வாசலுக்கு வெளியே இருந்த சதுக்கத்தில். அந்த மே மாதம் குடியரசின் சபை குதிரைக் கொட்டகையிலிருந்து அரண்மனைக்கே குடிவந்தது. துய்லெரி இப்போது 'தேசியத் தோட்டம்'. நாடா இல்லை, சீட்டு இல்லை, காவலன் உடுப்பைப் பார்ப்பதில்லை. ஊரில் ரொட்டிக்குத் தட்டுப்பாடு. ஜனங்கள் மிதித்துப் பாழாக்கிவிடுவார்கள் என்று கோல்பேர் கவலைப்பட்ட அந்தப் பூப்பாத்திகளை, அரசாங்கமே உத்தரவு போட்டுக் கொத்திப் புரட்டி உருளைக்கிழங்கு நட்டது.

(தொடரும்)

அடுத்த இதழில்: வட்டக் குளத்தில் ரொபெஸ்பியேர் கொளுத்திய அட்டைச் சிலை.